உப்பிய பலகையும் ஐந்து 'ஏன்'களும்

உலகத்தில் தோன்றிய மாமனிதர்களில் சிலர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் மக்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தரையைக் குனிந்து பார்த்தவர் ஒரகடத்து அருள்நாதன் ஒருவர்தான். அவருக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை. வைக்க வந்திருந்தாலும் பீடம் தரையைக் கீறும் என்று அவரே மறுத்திருப்பார். ஆகவே அந்தக் கடமையை இந்தக் கதை ஏற்றுக்கொள்கிறது.

கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் 'தொழிலாளர் நலன் மற்றும் தளப் பராமரிப்பு' அலுவலர். நலனுக்கு ஒருவர், தளத்துக்கு ஒருவர் என்று இரண்டு சம்பளம் எதற்கு என்று நிர்வாகம் சிந்தித்தது. தொழிலாளர்கள் நிற்பதே தளத்தின் மேல்தானே என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது. அருள்நாதன் பதவியின் பின்பாதியை உயிராகப் பாவித்தார். முன்பாதியை மரியாதையாகத் தூரத்தில் வைத்திருந்தார்.

அவர் காலத்தில்தான் உற்பத்தி லைன் நெடுகத் தரைக்குப் பளபளக்கும் பச்சை எபாக்சிப் பூச்சு போடப்பட்டது. குனிந்தால் முகம் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர்கள் அந்தத் தரையைப் பார்த்து வாய் பிளந்தார்கள்; ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோவின் பிரதி அருள்நாதனின் அறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. குடும்பப் போட்டோ டிராயருக்குள் பத்திரமாகப் போனது.

இப்பேர்ப்பட்ட தரைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது. அது கங்காவின் உருவத்தில் வந்தது. கங்கா ஒயர் சோதிக்கும் லைனில் சீனியர். கையில் ஒரு மனு; பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"சார், குந்தறதுக்கு ஒரு ஸ்டூல் குட்தா போதும் சார். ஷிஃப்ட் ஃபுல்லா நின்னுகினே கீறோம். சாய்ங்காலம் செருப்புக்குள்ள காலு பூர மாட்டேங்குது."

"உங்க உணர்வுகளை மேனேஜ்மென்ட் மதிக்குது" என்றார் அருள்நாதன்.

"அப்ப ஸ்டூலு?"

"ஒரு ஸ்டூலுக்கு எத்தினி காலு?"

"நாலு சார்."

"லைன்ல எத்தினி பேரு?"

"முப்பது பேரு."

"நூத்தி இருவது காலு. அத்தினியும் எபாக்சி மேல இப்டியும் அப்டியும் நகரும். இன்னா ஆவும்?"

"எங்களுக்குக் கால்வலி கொறையும் சார்."

"கோடு வுழும்மா. கோடு." சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. அந்த நெகிழ்ச்சியைக் கண்டு பெண்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மனுவை அவர் நிராகரிக்கவில்லை. நிராகரிப்பது மனிதாபிமானமற்ற செயல். 'ஆய்வில் உள்ளது' என்று ஒரு கோப்பைத் திறந்து அதற்குள் வைத்தார். கோப்பு மூடியிருக்கும்போதுதான் ஆய்வு அமைதியாக நடக்கும்.

அந்த ஏழெட்டுப் பெண்களில் கடைசியாக நின்றவள் ஷெர்லின். அருள்நாதனின் மனைவி செல்வமேரிக்குக் கூடப்பிறந்த தங்கை. கான்ட்ராக்டில் வேலை, தங்குவது அக்கா வீட்டில். ஆனால் கம்பெனி கேட்டுக்குள் உறவுமுறை கிடையாது என்பது அருள்நாதனின் கொள்கை. வீட்டில் 'ஷெர்லி' என்று கூப்பிடும் அவர், அங்கே அவளை ஐடி நம்பரால்தான் அறிவார். பாரபட்சத்துக்கு இடம் கொடுத்துவிடக் கூடாதே.

இந்த நேரத்தில்தான் சேரப்பணஞ்சேரியில் அவருடைய சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. செல்வமேரிக்கு ஒரே ஒரு ஆசைதான்.

"வழவழன்னு டைல்ஸ் போட்டுடுங்க. ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்தி, தொடப்பத்தால தள்ளி வுட்டா வேலை முடிஞ்சிடும்."

அருள்நாதன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு அவளும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள்தான். ஆயினும் தரையைப் பற்றிய உயர்ந்த சிந்தனை அவளிடம் ஒட்டவில்லை. டைல்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் மிதிக்கக்கூடிய ஒன்று. அப்படிப்பட்டதையா ஒரு தள அலுவலர் வீட்டில் போடுவது? 'இன்ஜினியர்ட் வுட்' என்று ஒன்று வந்திருப்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார். மரத்துக்கே இன்ஜினியரிங் படிப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதை மதிக்காமல் விடலாமா?

பூந்தமல்லி ரோட்டில் இருந்த ஷோரூமில் டெனிசன் என்ற விற்பனையாளர் அவர்களை வரவேற்றார். கழுத்தில் டை, காலில் சாக்ஸ் மட்டும். ஷூ வெளியே இருந்தது.

"சார், இது ஃபுல்லா மரம் கெடையாது. மேல ஓக் மரத்தோட ஒரு தோலு. கீழ ப்ளை, ஒண்ணு நெடுக்கால ஒண்ணு குறுக்கால போட்டு ஒட்டியிருக்கும். அதனால முழு மரம் மாதிரி சட்டுனு முறுக்கிக்காது. தோலு தடியா இருக்கறதா பாத்து வாங்குங்க. நாளைக்குக் கீறல் வுழுந்தாலும் இழைச்சு பாலிஷ் போட்டுக்கலாம்."

செல்வமேரி ஒரு துண்டுப் பலகையைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். "மேல கொஞ்சூண்டு நல்ல மரம், கீழ வேற மரம். எங்க வூட்டுக்காரர் கம்பெனில பர்மனன்ட்டு, கான்ட்ராக்ட்டுனு வெச்சிக்கீறாங்களே, அந்த மாதிரியா?"

"கரெக்டா புடிச்சிட்டீங்க மேடம். தாங்கறது கீழ இருக்கறது. ஜனங்க பாக்கறது மேல இருக்கறது."

அருள்நாதன் தொண்டையைச் செருமிப் பேச்சைப் பராமரிப்புக்குத் திருப்பினார். டெனிசனின் முகம் உடனே மருத்துவர் முகமாக மாறியது.

"பலகை வந்து எறங்கினவொடனே போட்டுடக் கூடாது சார். போடப்போற வூட்லயே மூணு நாள் சும்மா படுக்க வெக்கணும். ஏசி ஓடினா ரொம்ப நல்லது. புது எடம், புது காத்து. பழகணும் இல்லியா, பாவம்."

"பாவம்" என்றார் அருள்நாதனும். கண் கலங்கியிருந்தது. அவருடைய லைனில் புதிதாகச் சேர்கிறவர்கள் காலையில் வந்து இறங்கினால் காலையிலேயே நிற்பார்கள். அவர்கள் ஓக் மரம் இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

"செவுத்தோரம் கொஞ்சம் சந்து வுடணும் சார். காத்துல ஈரம் ஏறினா விரியும், எறங்கினா சுருங்கும். நெருக்கிப் போட்டா அதுக்கு மூச்சு முட்டும். வெயிலு நேரா படக் கூடாது. பாரத்தை ஒரே எடத்துல வெச்சு அழுத்தக் கூடாது."

"தண்ணி?" என்றாள் செல்வமேரி.

டெனிசன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்த வார்த்தைய இதுங்க முன்னாடி சொல்லாதீங்க. நல்லா புழிஞ்ச துணியால ஒத்தி எடுக்கலாம். அவ்ளோதான்."

அன்றே முடிவாகிவிட்டது. ஹால் தரை மட்டும் பாக்கி என்ற நிலையில் குடும்பம் சேரப்பணஞ்சேரிக்குக் குடிபோனது; பலகைகளும் அங்கே வந்து இறங்கின. அவை ஓய்வெடுக்க ஏற்ற அறை எது என்று அருள்நாதன் வீடு முழுவதும் ஆராய்ந்து, ஷெர்லினுக்கென்று ஒதுக்கியிருந்த அறையைத் தேர்ந்தெடுத்தார். அதில் அவசரமாக ஏசி பொருத்தப்பட்டது. ஷெர்லினின் கட்டில் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குப் போனது. அங்கே ஃபேன் இல்லை. ஆனால் ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும்.

"மூணு நாள்தான் ஷெர்லி" என்றார்.

மூன்று நாளில் ஹாலுக்குத் தரை போடப்பட்டது. மீந்த பலகைகளைப் பிற்காலத் தேவை கருதிப் பாதுகாக்க வேண்டியிருந்ததால், அவை அதே அறையில் குளிர்ச்சியாகத் தங்கிவிட்டன. ஷெர்லினும் சாமான் அறையிலேயே தங்கிவிட்டாள். இருவருமே குறை சொல்லவில்லை. பலகைக்கு வாய் இல்லை. ஷெர்லினுக்கு வேறு வீடு இல்லை.

ஹாலின் அழகைச் சொல்லி முடியாது. தேன் நிறம். மூட்டு தெரியாத வேலை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் அருள்நாதன் கம்பளித் துண்டு ஒட்டினார். ஒட்டிய பிறகும் மனம் கேளாமல், நாற்காலிகளையே மாடிக்கு அனுப்பிவிட்டு ஒரு சோபாவை மட்டும் விட்டுவைத்தார். திரைச்சீலை பகலிலும் மூடியிருந்தது. ஏரிப் பக்கத்துக் காற்றை நம்ப முடியாது என்று சுவரில் ஈரமானி ஒன்றும் மாட்டினார். காலை ஜெபத்துக்கு முன்பு அதைத்தான் பார்ப்பார். அளவு சரியாக இருந்தால்தான் ஜெபத்தில் மனம் ஒட்டும்.

புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்ததும் அருள்நாதன் குறுக்கே போய் நின்றார்.

"சாமி, செவுத்துல மட்டும் தெளிச்சா ஆசீர்வாதம் எறங்காதா?"

"இறங்கும். ஆனா அடி வரைக்கும் வருமான்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார் சாமியார். அவர் முப்பது வீடு பார்த்தவர். சளைக்காமல் தெளித்தார். அருள்நாதன் மென்துணியோடு பின்னாலேயே குனிந்து போய், விழுந்த ஆசீர்வாதத்தை ஒவ்வொரு சொட்டாக ஒத்தி எடுத்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், ஷெர்லினின் கால்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட, அங்கிருந்து நடந்து வருவாள். கணுக்கால் தெரியாது, முழங்காலிலிருந்து பாதம்வரை ஒரே பருமன். வந்ததும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு, பிளாஸ்டிக் பேசினில் காலை வைத்து உட்கார்ந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். இல்லாவிட்டால் மறுநாள் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் கான்ட்ராக்டர் அடுத்த நாள் வரவேண்டாம் என்பார். ஆக அவளுடைய பிழைப்பே அந்தப் பேசினுக்குள்தான் இருந்தது.

பேசினைக் கண்டாலே அருள்நாதன் ஓடிப்போய் ஈரமானியைப் பார்ப்பார். "பின்பக்கப் படிக்கட்ல வெச்சுக்க ஷெர்லி. காத்தோட்டமா இருக்கும்" என்று தொழிலாளர் நலனைக் கருதி உத்தரவிட்டார். அவளும் அப்படியே செய்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வியாழக்கிழமை படிக்கட்டு முழுக்கச் சாரல். சாமான் அறையில் கட்டில் போக ஒற்றைக்கால் வைக்கவும் இடமில்லை. அருள்நாதன் கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை. செல்வமேரியே பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து ஹால் சோபாவுக்கு முன்னால் வைத்தாள்.

"இங்கியே குந்து. நா பாத்துக்கறேன்."

ஷெர்லின் உட்கார்ந்தாள். வெந்நீர் ஏறிய சுகத்தில் அப்படியே கண்ணயர்ந்தாள். வாசலில் மாமாவின் பைக் சத்தம் கேட்டதும் பதறி எழுந்தாள். மரத்துப்போயிருந்த கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பேசின் கவிழ்ந்தது.

அருள்நாதன் கதவைத் திறந்தபோது கண்ட காட்சியை எழுத நமக்குக் கை வரவில்லை. செல்வமேரி போர்வையைப் போட்டு உறிஞ்சினாள். ஷெர்லின் துப்பட்டாவால் துடைத்தாள். அதற்குள் உப்புத் தண்ணீர் மூட்டு மூட்டாக உள்ளே இறங்கிவிட்டது. சனிக்கிழமை பார்த்தபோது இரண்டு பலகைகள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டிருந்தன. அருள்நாதன் அவற்றின் பக்கத்தில் மண்டியிட்டுத் தடவிக் கொடுத்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் விசாரணை தொடங்கியது. விசாரணை என்றால் ஏதோ சத்தம் போடுவது, திட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. அருள்நாதன் படித்தவர். தொழிற்சாலை முறைப்படி 'ஏன்-ஏன் ஆய்வு'தான் நடத்தினார். ஒரு பொருளில் குறை வந்தால் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். கிடைத்த பதிலை வைத்து மறுபடியும் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து தடவை கேட்டால் மூலகாரணம் கையில் சிக்கும். எத்தனை சிக்கலான குறையானாலும் மூன்றாவது 'ஏன்'னிலேயே 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்று முடித்துவிடும் திறமை அருள்நாதனுக்கு உண்டு. அதற்காக அவர் கேடயம்கூட வாங்கியிருக்கிறார்.

சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டப்பட்டது. எழுதுகிறவர் செல்வமேரி. ஷெர்லின் சோபாவில் உட்கார வைக்கப்பட்டாள்.

"மொதல்ல ரூலைச் சொல்லிடறேன்" என்றார் அருள்நாதன். "மூலகாரணம் யாருன்னு வருதோ, அவங்க குறையுள்ள பொருள் பக்கத்துல ஒரு ஷிஃப்ட் நேரம் நின்னு, அதைப் பாத்து உணரணும். தண்டனை கெடையாது. பயிற்சி. இதுல வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு எதுவும் கெடையாது."

"யாரா இருந்தாலுமா?" என்றாள் செல்வமேரி.

"யாரா இருந்தாலும். எழுதிக்க. மொதல் ஏன். பலகை ஏன் உப்பிச்சு?"

"பேசின் தண்ணி கொட்டினதால" என்று எழுதினாள்.

"ரெண்டாவது. தண்ணி ஏன் கொட்டிச்சு?"

"ஷெர்லி காலு இடறினதால."

"மூணாவது. கால் ஏன் இடறிச்சு? எழுது, கவனக்குறைவு." அவர் ஆய்வை மூடப் போனார்.

செல்வமேரி எழுதவில்லை. "கவனக்குறைவு இல்லீங்க. காலு மரத்துப்போயி கீது. வீங்கின காலு. எந்தக் காலு எங்க கீதுன்னு அவளுக்கே தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதான் மேரி."

"எப்டிங்க ஒண்ணாவும்? நானும் லைன்ல நின்னவதான். மூணு வாட்டி எம்பேர்ல கவனக்குறைவுன்னு எழுதினானுங்க. மூணு வாட்டியும் மிஷின்லதான் கோளாறு. அஞ்சு ஏன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னும் ரெண்டு பாக்கி கீது."

முறை என்று வந்துவிட்டால் அருள்நாதன் வளைய மாட்டார். ஆய்வை மறுபடி திறந்தார். "சரி. நாலாவது. கால் ஏன் மரத்துப்போச்சு?"

"ஷிஃப்ட் ஃபுல்லா நின்னதால" என்றாள் ஷெர்லின். விசாரணையில் அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

"அஞ்சாவது" என்றாள் செல்வமேரி. அவர் கேட்பதற்குக் காத்திருக்கவில்லை. "ஏன் ஷிஃப்ட் ஃபுல்லா நின்னா?"

அருள்நாதன் சுவரைப் பார்த்தார். ஈரமானி சரியான அளவைக் காட்டியது.

"லைன்ல குந்தறதுக்கு ஸ்டூல் இல்ல" என்றாள் ஷெர்லின். "கேட்டு மனு குட்தோம். அது ஆய்வுல கீது."

"அது நிராகரிக்கப்படல" என்றார் அருள்நாதன் அவசரமாக. "நிலுவையில இருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"எங்களுக்கு இன்னா மாமா வித்தியாசம்? நாங்க நின்னுகினேதான கீறோம்."

செல்வமேரி சார்ட் பேப்பரின் கடைசிக் கட்டத்தில் மூலகாரணம் என்று எழுதி, எதிரே கணவரின் பெயரை முழுதாக எழுதினாள். பதவியையும் விடவில்லை. தொழிலாளர் நலன் என்ற முன்பாதியை மட்டும் அடிக்கோடிட்டாள். பிறகு அவரிடம் பேனாவை நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல மொத வேலையா அந்த மனுல கையெழுத்துப் போடறேன்னு இதுல எழுதிக் குடுத்துட்டு குந்துங்க. இல்லாட்டி ரூல் பிரகாரம் நில்லுங்க."

அருள்நாதன் கொள்கை உள்ளவர். ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கோப்புகளைப் பற்றி வாக்குறுதி தருவது விதிகளுக்குப் புறம்பானது என்று தெளிவாக எடுத்துச் சொன்னார். பிறகு தலைநிமிர்ந்து நடந்து போய், உப்பிய இரண்டு பலகைகளின் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். செல்வமேரி குழம்பு வைக்கப் போனாள். போகும்போது தங்கையின் காலடியில் வெந்நீர்ப் பேசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஹால் நடுவிலேயே வைத்தாள்.

முதலில் கம்பீரமாகத்தான் நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டிய கைகளை அவிழ்த்தார். உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினார். இடது காலிலிருந்து மறுபடி வலதுக்கு. சுவரில் சாயலாமா என்று பார்த்தார். சுவர் தூரத்தில் இருந்தது. இடுப்பைப் பின்னால் வளைத்தார். குதிகாலில் ஆரம்பித்த ஒரு குடைச்சல் மெல்ல மெல்ல முழங்காலுக்கு ஏறுவதை அவர் வாழ்நாளில் முதல் முறையாக உணர்ந்தார். தன்மானம் உள்ள மனிதர் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு தாங்கினார்.

"ஷெர்லி" என்றார் கடைசியில், சமையலறைக்குக் கேட்காத குரலில். "கால் வலிக்குதும்மா."

ஷெர்லின் பேசினிலிருந்து காலை எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குள்ளயா மாமா? இன்னும் மொத டீ பிரேக்கே வர்லியே."